தரைக்குக் கீழே விழுந்த ஆறு

நான் மகளிர் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் புவியியல் வகுப்பை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் அழுதோ சாப்பிடாமல் கிடந்தோ எப்படியோ வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டார்கள். எனக்கு அழ வேண்டிய தேவையே வரவில்லை. நைனா இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"நானும் வரேன்."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். அந்தச் சொல் எப்படியோ சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"காலேஜ்ல புள்ளைங்க போற எடத்துக்கு நீங்க எதுக்கு?" என்றாள் அம்மா.

"தண்ணி இருக்கிற எடம். பொம்பள புள்ளைங்க. ஒரு ஆள் வேணாமா?"

அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டரை வருடமாக நான் கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் நைனா பத்தடி பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். கூடவும் வரமாட்டார், விட்டுவிட்டும் போகமாட்டார். நான் நின்றால் அவரும் நின்று, ஏதோ கடையைப் பார்ப்பது போல நிற்பார். கல்லூரி வாசலில் நான் உள்ளே நுழைந்த பிறகுதான் வேலைக்குப் போவார்.

அவர் வேலை பிணைப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்துபோகும்போது, அதன் நுனியோடு அடுத்த பாவின் நுனியை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவர் வீடு வீடாகப் போய் அதைச் செய்வார். காலையில் உட்கார்ந்தால் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிற இழையைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். வெளியே வந்தாலும் அதே பார்வைதான். எதிரில் வருகிறவரைக் கிட்டே வந்த பிறகுதான் அடையாளம் தெரியும். அந்தக் கண்ணால் பத்தடி முன்னால் போகிற என்னை எப்படிக் காவல் காத்தார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்கள் பேராசிரியையிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எங்களைவிடப் பத்து வயதுதான் பெரியவர். தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை. 'முடியாது' என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் போனேன்.

"வரட்டுமே. வேன்ல டிரைவர் பக்கத்துல ஒரு சீட் சும்மாதான் இருக்கு," என்றார்.

தை மாதத்தில் ஒரு காலை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் வேன் கிளம்பியது. நைனா வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை, தோளில் புதுத்துண்டு என்று கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். வேன் நின்ற இடத்திலெல்லாம் முதலில் இறங்குவது அவர்தான். நாங்கள் இறங்கும்போதும் ஏறும்போதும் விரலை மடக்கி எண்ணுவார். "ஒம்பது. சரி, போலாம்பா," என்று டிரைவரிடம் சொல்வார். வேலூரில் டீ குடிக்க நின்றபோது என் தோழி ஒருத்தி, வந்தவாசிப் பக்கம் சமண விவசாயக் குடும்பத்துப் பெண், என் காதில் கேட்டாள்: "உங்க நைனா எங்களை எண்ணுறாரா, இல்ல பாவு எண்ணுறாரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் பாலாறு கூடவே வந்தது. கூட வந்தது என்றால் மணல்தான் வந்தது. எனக்குத் தெரிந்த ஆறு அப்படித்தான். சின்ன வயதில் நைனா எங்களைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போவார். மூன்று ஆறு கூடுகிற இடம். மூன்று பக்கத்திலிருந்தும் மணல் வந்து கூடிக் கிடக்கும். அந்த வெள்ளை மணலில் கையால் பள்ளம் தோண்டினால் ஊற்று சுரக்கும். அதைக் கையில் அள்ளிக் குடித்துவிட்டு, ஆற்றுத் தண்ணீர் குடித்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வோம். நைனாவும் அதற்கு மேல் ஆறு பார்த்தவரில்லை. ஐப்பசி மழையில் இரண்டு நாள் வெள்ளம் வந்தால் பார்க்கப் போவார். அவர் போய்ச் சேர்வதற்குள் அது வடிந்திருக்கும்.

அன்று தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினோம். மலைச்சரிவில் வேன் திரும்பித் திரும்பி இறங்கியது. காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. எங்கிருந்தோ ஒரு சத்தம். முதலில் வேன் எஞ்சினுடையது என்றுதான் நினைத்தோம். வேன் நின்று, எஞ்சினை அணைத்த பிறகும் அது நிற்கவில்லை.

அருவி என்றால் நான் அண்ணாந்து பார்ப்பதற்குத் தயாராக வந்திருந்தேன். அங்கே அண்ணாந்து பார்க்க வானம்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை கறுத்த பாறை, சமமாக, பெரிய களம் போலக் கிடந்தது. அதன்மேல் ஆறு பல கிளையாகப் பிரிந்து, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வந்து, ஓரிடத்தில் காணாமல் போனது. அந்த இடத்திலிருந்து புகை எழுந்தது. வெயிலில் அது வெள்ளையாக எழும்பி, காற்றில் சாய்ந்து, எங்கள் முகத்தில் வந்து ஈரமாக உட்கார்ந்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தரை பிளந்திருந்தது. ஆறு அந்தப் பிளவுக்குள், எங்கள் காலுக்குக் கீழே, பத்துப் பதினைந்து இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து விழாமல் தரையிலிருந்து பாதாளத்துக்கு விழுகிற அருவி. மேலே நின்றுகொண்டு அதைக் குனிந்து பார்த்தோம்.

பேராசிரியை எங்களை ஒரு பாறை மேட்டில் உட்கார வைத்தார். சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"இந்தப் பாறை நெருப்புல பொறந்தது. நெருப்புன்னதும் புகை கக்குற எரிமலைன்னு நினைக்காதீங்க. பூமிக்கு அடியில கல்லெல்லாம் உருகிக் குழம்பா இருந்து, வெடிப்புல ஏறி வந்து, மேல வராமலே உள்ளேயே ஆறி இறுகிப்போச்சு. அப்புறம் மேல இருந்த மண்ணு கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போய், உள்ள இருந்தது வெளிய தெரிஞ்சது. அது மேல ஆறு வந்தது. பாறையில எது மெத்தோ அதை அரிச்சுது. எது கெட்டியோ அதை விட்டுட்டுது. நீங்க பாக்குற பள்ளம் தண்ணி வெட்டினது."

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, நெருப்பா இருந்ததுன்னு சொல்றீங்களே, அது எப்போ ஆறிச்சு?"

நைனா. பாறையில் குந்தி உட்கார்ந்து, வகுப்பில் பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பள்ளத்திலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

"மனுஷங்க பொறக்கறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடிங்க," என்றார் பேராசிரியை.

"அப்போ அதை யாரு பாத்தது?"

எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை.

"யாரும் பாக்கலைங்க. கல்லைப் பாத்துதான் தெரிஞ்சுக்கறோம்."

நைனா தலையை ஆட்டினார். பிறகு தான் உட்கார்ந்திருந்த பாறையைக் குனிந்து, ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். விரல் நுனியால் மெதுவாகத் தடவினார். கறுப்புக்குள் வெளிர்நிறத்தில் கோடு கோடாக ஓடியிருந்தது. சூடு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது அது.

அதற்குப் பிறகு எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். பாறையில் குடைந்திருந்த குழிகளின் அகலம், ஆழம் எல்லாம் அளந்து படம் வரைய வேண்டும். தண்ணீர் கூழாங்கல்லைச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்த குழிகள் அவை. உரலைப் போல உருண்டையாக, வழவழவென்று இருந்தன. நானும் சமண வீட்டுத் தோழியும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். கரையில் மீன் வறுக்கிற வாசனைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டே அளந்தாள். நான் குழிக்குள் கையைவிட்டு, அடியில் கிடந்த கல்லைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. அந்தச் சத்தம் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தமாகவே இருப்பதில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருப்பதுபோல, பேனா தானாக எழுதிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதன்முதலாக யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் தோன்றியது. எண்ணுவதற்கு ஆள் இல்லை.

"உங்க நைனா எங்கே?" என்று கேட்டார் பேராசிரியை.

வேனில் இல்லை. டீக்கடையில் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அங்கேயும் இல்லை. டிரைவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் ஓடினேன். பள்ளத்தின் விளிம்பில், ஒரு தட்டைப் பாறைமேல், அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. பக்கத்தில் முழுக்கை சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. காற்றில் போகாமல் இருக்க அதன்மேல் ஒரு கல்.

"நைனா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். வாயைத் திறந்ததும் புகையும் சாரலும்தான் உள்ளே போயின. அதுவரை அவரை நான் சத்தமாகக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடுகிற தூரத்தில்தான் எப்போதும் இருந்தார், கூப்பிடத் தேவைப்படவில்லை. விளிம்பில் மண்டியிட்டுக் கீழே பார்த்தேன். வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. பேராசிரியை ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு நினைப்பே வரவில்லை.

அப்போது ஒரு பரிசல்காரர் வந்தார். தலையில் முண்டாசு, கையில் துடுப்பு. டிரைவர்தான் அவரை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார்.

"பனியன் போட்டுக்கிட்டு, ஒல்லியா, கொஞ்சம் கூன் விழுந்தாப்ல ஒருத்தரா? நம்ம பங்காளி பரிசல்ல ஏறினாரே. கீழதான் இருக்காரு. வாம்மா, காட்டறேன்."

நான் நம்பவில்லை. கையில் சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். பேராசிரியையும் வந்தார். பாறை இடுக்கில் வெட்டியிருந்த படியில் இறங்கி, தண்ணீர் ஓரத்துக்கு வந்தோம். மூங்கில் பின்னி, மேலே தோல் போர்த்திய பரிசல். பெரிய வட்டக் கூடை போல இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அடியில் தண்ணீர் நெளிவது உடம்புக்குத் தெரிந்தது.

மேலே இருந்த ஆறு வேறு, கீழே இருந்த ஆறு வேறு. இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை எழுந்து நிற்க, நடுவில் தண்ணீர் பச்சையாக, ஆழமாக, அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. சத்தம் எங்கேயோ தலைக்கு மேலே தங்கிவிட்டது. பாறைச் சுவரில் கறுப்பும் வெளிர்நிறமும் மாறி மாறி மடிந்து, நெளிந்து, உருகி ஓடுகிற நேரத்தில் அப்படியே நின்றுபோன மாதிரி கிடந்தன. துடுப்பு தண்ணீரில் இறங்கி எழுகிற சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனாலும் அந்தச் சுவர்களைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு திருப்பத்தில் புகை அடர்த்தியாக வந்தது. பரிசல்காரர் துடுப்பை நீட்டிக் காட்டினார்.

அங்கே இன்னொரு பரிசல், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் துடுப்பைச் சும்மா தண்ணீரில் வைத்துக்கொண்டு, பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பரிசலுக்குள், அதன் வளைவோடு வளைவாக, நைனா மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கால் விளிம்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் நீளமாகத் தெரிந்த வானத்தையும், அதன் ஓரத்திலிருந்து விழுகிற தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசல் சுற்றச் சுற்ற அவர் முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தன. உதடு அசைந்தது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டில் எப்போதும் புருவத்தைச் சுருக்கியே இருப்பார். அந்தச் சுருக்கம் இல்லை. கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமல் இருந்துவிட்டேன். எங்கள் பரிசல் தானாக நகர்ந்து போய் அவர் பரிசலில் இடித்தது.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடி நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு சிரித்தார்.

"நீ எப்போம்மா வந்தே?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "சொல்லிட்டுப் போகத் தெரியாதா உனக்கு? செருப்பையும் சட்டையையும் விட்டுட்டு வந்தா நாங்க இன்னான்னு நினைக்கிறது? நேரம் காலம் இல்லையா? தண்ணி இருக்கிற எடம்னு நீதானே சொன்னே?" என்று அழுதுகொண்டே கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, அத்தனையும் அவர் என்னிடம் சொல்கிற வார்த்தைகள்.

அவர் எழுந்து உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சொல்லலாம்னுதாம்மா வந்தேன். நீ எழுதிக்கினு இருந்தே. அப்புறம் படி தெரிஞ்சுது. கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு வரலாம்னு இறங்கினேன். இந்தத் தம்பி, 'ஏறிக்கறீங்களா அண்ணே'ன்னு கேட்டாரு. ஏறிக்கினேன்."

"ஒரு மணி நேரமா?"

"ஒரு மணியா ஆச்சு?" என்று பரிசல்காரரைப் பார்த்தார். அவர் பீடியை எறிந்துவிட்டு, "அண்ணன் போதும்னு சொல்லவே இல்லீங்களே," என்றார்.

நைனா நகர்ந்து இடம் விட்டார். "இங்க வா. அங்க இருந்து பாத்தா தெரியாது. படுத்துக்கினு பாக்கணும்."

பேராசிரியை என்னைப் பார்த்து, போ என்பதுபோலத் தலையசைத்தார். நான் நைனாவின் பரிசலுக்கு மாறினேன். படுக்கவில்லை, சாய்ந்து உட்கார்ந்தேன். பரிசல் புகைக்குள் நுழைந்தது. மேலே பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் நூல் நூலாகப் பிரிந்து, விழுந்து, பாதியிலேயே காற்றில் கரைந்து, எங்கள்மேல் தூவியது. பரிசல்காரர் துடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சுற்றிவிட்டார். பாறை சுற்றியது, வானம் சுற்றியது, எங்கே மேல் எங்கே கீழ் என்று தெரியவில்லை. நைனா சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. அந்தக் கையைத் தண்ணீரில் விட்டிருந்தார்.

மேலே வந்ததும் பேராசிரியை அவரை நிற்க வைத்துத் திட்டினார். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசினார். ஆனாலும் அது திட்டுதான். இந்த ஒன்பது பேரையும் நம்பிக் கூட்டி வந்திருக்கிறேன், உங்களைத் தேட ஆளுக்கு எங்கே போவேன் என்றார். நைனா ஈரப் பனியனோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புதாம்மா" என்றார். தோழிகள் யாரும் சிரிக்கவில்லை. சமண வீட்டுத் தோழி போய் அவர் சட்டையை உதறிக் கொடுத்தாள்.

திரும்பும்போது அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோழிகள்தான் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்து, "நைனா இருக்காரா? சரி, போலாம்!" என்று கூவினார்கள். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகத் தூரத்து மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்குக் கிளம்பினேன். தெரு முனை வரை வழக்கமாக நடந்துவிட்டு, கடைப் பக்கம் திரும்புகிற மாதிரி பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. அன்று நான் கல்லூரிக்குத் தனியாக நடந்தேன். முதுகு லேசாக இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பட்டம் முடிந்து மேற்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்தபோது, விடுதியில் தங்க வேண்டும் என்று பயந்து பயந்து சொன்னேன். "அங்க கல்லைப் பத்தி இன்னும் சொல்லித் தருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கி வந்து ஏற்றிவிட்டுப் போனார். பஸ் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டார்.

நான் சென்னையில் இருந்தபோது ஒரு ஆடி மாதம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, "ரெண்டு பேரும் தர்மபுரிப் பக்கம் போயிருக்காங்க," என்றார்கள். மறுநாள் மத்தியானம் வந்தார்கள். அம்மாவின் புடவைக் கரையெல்லாம் சேறு. நைனா குளிக்கப் போய்விட்டார்.

"பரிசல்ல போனியாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நான் ஏறுவேனா? வெள்ளம் வேற. அன்னிக்குப் பரிசலே விடல. மேல ஒக்காந்து ரெண்டு பேரும் சும்மா பாத்துக்கினு இருந்தோம்," என்றாள் அம்மா. தலைமுடியை அவிழ்த்து உதறினாள். "ஆனா ஒண்ணு. அந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்துல நெருப்பா இருந்துதுன்னு உங்க நைனா சொல்றாரு. நிஜமாவா?"

நிஜம்தான் என்றேன். அம்மா நம்பின மாதிரி தெரியவில்லை. முடியைத் தட்டி முடிந்துகொண்டு, அரிசி களைய உள்ளே போனாள்.